சீர் என்று வாங்கிய கம்பளி

கண்டிச் சீமைக்குப் போய்ப் பிழைப்பது என்று முடிவானதும் நானும் என் வீட்டுக்காரியும் செலவைப் பேசிப் பார்த்தோம். அரிசிக்கு இவ்வளவு, துணிக்கு இவ்வளவு, மாரியம்மனுக்கு முடிந்து வைக்க இவ்வளவு, மிச்சம் ஊருக்கு. அந்தப் பேச்சில் குளிர் வரவே இல்லை. திருச்சிராப்பள்ளி வெயிலில் பிறந்தவர்களுக்கு, உடம்பைச் சூடாக வைத்துக்கொள்ளவும் காசு வேண்டும் என்று எப்படித் தெரியும்?

தேயிலைத் தோட்டத்துக்கு ஆள் சேர்த்து எங்களை அழைத்து வந்த கங்காணி என் வீட்டுக்காரிக்குத் தூரத்து உறவில் அண்ணன் முறை. வழியெல்லாம் எங்களை நன்றாகத்தான் பார்த்துக்கொண்டார். அப்புத்தளை ஸ்டேஷனில் இறங்கியபோது பனி முகத்தில் அறைந்தது. எங்கள் பிள்ளை அப்போதுதான் தத்தித் தத்தி நடக்க ஆரம்பித்திருந்தான். அவன் உதடு நீலம் பூத்துவிட்டது. கங்காணி கடைக்கு ஓடிப்போய்க் கம்பளியும் சேலையும் ஒரு பானையும் வாங்கி வந்தார்.

"இந்தா தங்கச்சி, பொறந்த வீட்டுச் சீருன்னு வச்சுக்க."

அவள் முந்தானையை விரித்து வாங்கினாள். அந்த ஈரத் தரையிலேயே அவர் காலில் விழுந்து எழுந்தாள். அண்ணன் கொடுக்கும் சீருக்கு விலை கேட்பது எங்களில் வழக்கமில்லை. கேட்டால் கொடுத்தவரை அவமதித்ததாகும். பிறகு அவரிடமிருந்து பிள்ளையின் இடுப்புக்கு வெள்ளி அரைஞாண் வந்தது, அவளுக்கு இன்னொரு சேலை வந்தது. அதையும் அப்படியே வாங்கிக்கொண்டோம்.

லயம் என்ற தோட்டத்து வரிசை வீடுகளில் எங்களுக்குக் கிடைத்த ஒற்றை அறைக் காம்பிரா தகரக் கூரை போட்டது. விடியும்போது கூரையிலிருந்து நீர் சொட்டும். மழைக்காலம் வந்ததும் பிள்ளைக்கு இழுப்பு கண்டது. மூச்சு வாங்கும்போது விலா எலும்புகள் உள்ளே போய் வரும். அவள் பிள்ளையோடு இருந்தால் அன்றைக்கு அவளுக்குப் பேர் விழாது, கூலி இல்லை. வேலைக்குப் போனால், மலையில் கொழுந்தெடுக்கும்போதும் பிள்ளையின் இருமல் காதில் கேட்டுக்கொண்டே இருக்குமாம். தோட்டத்தில் மருந்து கொடுப்பவர் ஒருநாள் பிள்ளையின் முதுகைத் தட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "இந்தக் குளிரு இவனுக்கு ஒத்துக்காதுங்க. கீழ பதுளைப் பக்கம் எறக்கிடுங்க. அடுத்த மழைக்கு இங்க வச்சிருக்காதீங்க."

பதுளையில் சாமான் கடை வைத்திருந்த ஒரு முஸ்லிம் வியாபாரி தோட்டத்துக்கு வண்டி அனுப்புவார்; நானா என்றுதான் அவரைக் கூப்பிடுவோம். அவரிடம் வேலை கேட்டேன். கிடங்கில் மிளகாய் கிள்ளவும் மல்லி புடைக்கவும் ஆள் வேண்டும், பின்கட்டில் ஓர் அறை உண்டு என்றார். இனிக் கங்காணியிடம் துண்டு வாங்க வேண்டியதுதான். துண்டு என்பது கங்காணி எழுதித் தரும் சீட்டு. அவரிடம் பட்ட கடனான பற்று தீர்ந்தது என்று அதில் இருந்தால்தான் தோட்டத்தை விட்டுப் போகலாம். இல்லாமல் போனால் பிடித்து வந்துவிடுவார்கள்.

காலையில் பேர் கூப்பிட்டு வேலை பிரிக்கும் பெரட்டுக் களத்தில் எல்லாரும் நிற்கும்போது கேட்டேன்.

"துண்டா? குடுக்கலாம் மாப்ளே. பத்தத் தீத்துட்டுப் போ."

"அரிசிக்குத்தான் மாசா மாசம் பிடிச்சுக்கிறீகளே மச்சான்?"

"கம்பளி? சேல? அரைஞாணு? அதெல்லாம் வானத்துலேருந்தா விழுந்துச்சு?"

"அது சீருன்னு நீங்கதான..."

அவர் கைகொட்டிச் சிரித்தார். "இந்த மலையில எத்தனை தங்கச்சி எனக்கு! அம்புட்டுப் பேருக்கும் சீரு செஞ்சா நான் கோவணத்தோடதான் ஊரு போகணும்!" களமே சிரித்தது. நான் தலையைக் குனிந்தபடி, செடி வெட்டும் கவ்வாத்துக் கத்தியை எடுத்துக்கொண்டு மலைக்கு ஏறினேன்.

அவளிடம் சொன்னபோது நம்பவில்லை. "அண்ணன் அப்பிடிச் சொல்லியிருக்க மாட்டாக. நீங்க நாலு பேருக்கு முன்னால கேட்டிருப்பீக, அதான்" என்று என்னையே கடிந்தாள். அவளே போய்க் கேட்டாள். அதே பதில்தான். திரும்பி வந்தவள் அடுப்பு மூட்டவில்லை. பிள்ளையை நெஞ்சோடு சாய்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அவன் மூச்சு விசில் அடிப்பதுபோல் வந்துகொண்டிருந்தது.

வெள்ளிக்கிழமை மாரியம்மனுக்குப் பூசை. கங்காணி முன்வரிசையில் நின்றார். பக்கத்தில் அவர் மனைவி, கையில் பச்சைப் பிள்ளை. வெகுகாலம் பிள்ளை இல்லாமல் இருந்து, இதே அம்மனுக்கு நேர்ந்துகொண்டு பெற்ற மகன் அவன். பூசாரி தட்டில் கற்பூரத்தை ஏற்றியதும், என் வீட்டுக்காரி கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் போனாள். அவள் இடுப்பில், அந்தக் கம்பளி சுற்றிய எங்கள் பிள்ளை.

"அண்ணே, இந்தக் கம்பளி கடனா, சீரா? ஆத்தா முன்னால கற்பூரத்த அணைச்சுச் சொல்லுங்க. கடன்னு சொல்லிட்டா நான் வாயே தொறக்கல."

எரியும் கற்பூரத்தை உள்ளங்கையால் அணைத்துச் சொன்னால் எங்களுக்கு அதற்கு மேல் சாட்சி கிடையாது. பொய்யாக அணைத்தவன் வீட்டில் பிள்ளை தங்காது என்பார்கள். நான் அதை நம்புகிறவன், அங்கே நின்ற எல்லாரும் நம்புகிறவர்கள்.

"சத்தியம் பண்ண எனக்கென்ன பயம்?" என்றார் கங்காணி. குரல் வேறு யாருடையதோ போல இருந்தது. அவர் மனைவி மகனை இறுக்கிப் பிடித்தாள். அவர் கையை நீட்டினார். சுடர் அவர் விரலைத் தொடும் நேரம், என் வீட்டுக்காரி பாய்ந்து அவர் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள்.

"வேணாண்ணே! ஒங்க வீட்லயும் ஒரு புள்ள இருக்கு. கடனாவே இருந்துட்டுப் போகட்டும்."

கற்பூரம் யார் கையும் படாமல் தானாக எரிந்து முடிந்தது. பூசாரி திருநீறு கொடுக்க மறந்து நின்றார்.

எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. வழியில் அவளிடம் கத்தினேன். "அவன் புள்ளையக் காப்பாத்திட்ட. நம்ம புள்ளைய யாருடி காப்பாத்துவா?" அவள் பிள்ளையின் தலையில் கம்பளியை இழுத்து மூடினாள். பிள்ளை இருமினான். அம்மனிடம் கூட அன்று எனக்குக் கோபம்தான்.

மறுநாள் பெரட்டில் கங்காணி என் பக்கம் பார்க்காமலே, வேறு யாருக்கோ சொல்வதுபோலச் சொன்னார்: "தாயும் புள்ளையும் கீழ போகட்டும். ஒருத்தன் இருந்து தீத்தாப் போதும்."

நானாவின் வண்டியிலேயே அவர்களை ஏற்றினேன். "எங்கட ஊட்லயும் பொம்புளயள் இருக்காங்க, பயப்புட வாணாம்" என்றார் நானா. பதுளைக்கு இறங்கும் பந்தாரவளைப் பாதையில் வண்டி திரும்பும்வரை அவள் இரண்டு கையாலும் குளிர் படாமல் பிள்ளையின் காதைப் பொத்திக்கொண்டிருந்தாள்.

பிறகு இரண்டு அடுப்பு. அவள் கிடங்குக் கூலி அவர்கள் இரண்டு பேர் வயிற்றுக்கே சரி; பற்றுக்கு என் ஒரு கூலிதான். இரவுச் சோற்றை விட்டேன்; வெற்றிலையை விட்டேன். மழை இறங்கிய முதல் வாரம், அவர்கள் சேதி கொண்டுவரும் நானாவின் வண்டிக்காரர் வரவில்லை. அந்த வாரம் நான் கும்பிட்ட கும்பிடு அதற்கு முன்பும் இல்லை, பின்பும் இல்லை. அடுத்த வாரம் வந்தவர், "ஒம்ம மவன் மாட்டு வாலப் புடிச்சு இழுக்கிறான்யா" என்றார். நான் குந்தி உட்கார்ந்துவிட்டேன்.

நான் நினைத்திருந்ததைவிட முன்னதாகவே பற்று முடிந்தது. கம்பளிக்கும் சேலைக்கும் கங்காணி பிடித்தாரா, விட்டாரா? நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. துண்டைக் கையில் கொடுத்துவிட்டு உள்ளே போய்விட்டார்.

பதுளையில் கடை முற்றத்துக்கு நான் நுழைந்தபோது, மல்லிச் சாக்குகளுக்கு நடுவே பிள்ளை விளையாடிக்கொண்டிருந்தான். தாடியோடு நின்ற என்னைப் பார்த்து அலறி, முற்றத்தின் கடைசிவரை ஒரே ஓட்டமாக ஓடித் தாயின் சேலைக்குள் ஒளிந்துகொண்டான். அப்பாவைத் தெரியவில்லையே என்று அவள் அழுதாள். நான் அவனையே பார்த்துக்கொண்டு நின்றேன். அவ்வளவு தூரம் ஓடியும் அவனுக்கு இரைக்கவில்லை.