மடியில் வந்த குளுக்கோஸ்

அறுபதுகளின் தொடக்கம். திண்டுக்கல்லில் ஓர் ஆஸ்பத்திரியில் நான் நர்ஸாகச் சேர்ந்த புதிது. அந்த மழைக்காலத்தில் வாந்திபேதி பரவி, கையிருப்பில் இருந்த குளுக்கோஸ் பாட்டில்கள் மளமளவென்று தீர்ந்தன. வாயால் குடிக்க முடிந்தவர்களுக்கெல்லாம் உப்புப் போட்ட கஞ்சித்தண்ணீரைக் கொடுத்துச் சமாளித்தோம். ஆனால், குடலில் ஆபரேஷன் ஆகியிருந்த சித்தையன்கோட்டைப் பெண்ணுக்கு வாயில் ஒரு சொட்டுகூட விடக்கூடாது. நரம்பில் ஏறும் குளுக்கோஸ்தான் அவளுக்குச் சோறும் தண்ணீரும். அவளுக்கென்று ஒதுக்கி வைத்திருந்த பாட்டில்களும் மறுநாள் தீர்ந்துவிடும்.

மதுரையில் ஓர் ஆஸ்பத்திரி தந்து உதவச் சம்மதித்ததும், டாக்டர் என்னை அனுப்பினார். மரப்பெட்டியில் வைக்கோல் பரப்பிக் கண்ணாடி பாட்டில்களை அடுக்கிக் கொடுத்தார்கள். பஸ்ஸில் என் காலடியிலேயே வைத்துக்கொண்டேன். வாடிப்பட்டி தாண்டி ஒரு பள்ளத்தில் பஸ் தூக்கிப் போட்டதில் பெட்டியின் அடிப்பலகை பெயர்ந்துவிட்டது. ஒரு பாட்டில் என் கண்ணெதிரே நொறுங்கியது. மற்றவை உருண்டோட, எனக்கு அழுகை வந்துவிட்டது. விஷயத்தைத் தேம்பித் தேம்பிச் சொன்னேன்.

காய்கறிக் கூடையோடு வந்த ஓர் அம்மாள், "எதுக்குத் தாயி அழுகுற? ஆளுக்கு ஒண்ணாக் குடு. மடியில வச்சுக்கிட்டு வாரோம்" என்றார்.

அவ்வளவுதான். முந்தானையிலும் துண்டிலும் சுற்றி, பிள்ளையை அணைப்பதுபோல் எல்லோரும் அணைத்துக்கொண்டார்கள். டிரைவர் பஸ்ஸை மாட்டுவண்டிபோல ஓட்டினார். யாரும் முணுமுணுக்கவில்லை. சின்னாளபட்டியில் இறங்கியவர், ஏறியவரிடம் பாட்டிலை நீட்டி, "பதனம் அப்பு, ஒரு பொம்பள உசுரு இது" என்று கொடுத்துவிட்டுப் போனார். புதிதாக ஏறியவர் என்ன ஏதென்று கேட்காமலே வாங்கிக்கொண்டார்!

பஸ் ஸ்டாண்டுக்குப் போகாமல் பஸ் நேரே ஆஸ்பத்திரி வாசலில் வந்து நின்றது. ஆளுக்கொரு பாட்டிலோடு வரிசையாக உள்ளே வந்தவர்களைப் பார்த்து டாக்டர் திகைத்துப்போனார். அப்புறம் சிரித்தார்.

அந்தப் பெண் பிழைத்தாள். முதன்முதலாக அவள் வாயில் கஞ்சி ஊட்டியபோது, "வெறுங்கஞ்சியா சிஸ்டர்? தொட்டுக்க வெஞ்சனம் ஒண்ணும் இல்லையா?" என்றாளே பார்க்கலாம், வார்டே சிரித்தது.

அதன்பின் எத்தனையோ முறை மருந்து தீர்ந்து கையைப் பிசைந்திருக்கிறேன். ஆனால், வாய்விட்டுச் சொன்னால் தாங்கிக்கொள்ள நாலு பேர் இருப்பார்கள் என்று அன்று கிடைத்த தைரியம் மட்டும் எனக்கு இன்னும் தீரவில்லை.