எழுத்துக் கூட்டிப் படித்த வகுப்பு

"சேர், நீங்க வாசிக்கிறது இதில இல்லியே" என்று அந்தச் சிறுமி சொன்னதும் என் காதெல்லாம் சூடாகிப் போனது இன்னும் நினைவிருக்கிறது. இலங்கை மலையகத்தில் ஒரு தேயிலைத் தோட்டம். தகரக் கூரை போட்ட சின்ன ஜெபக்கூடம், வெளியே தூறல். முன்பெஞ்சில் இருந்த அவளுக்குப் பத்து வயது இருக்கும். புத்தகத்தில் ஒரு வரிக்குக் கீழே விரலை வைத்தபடி என்னை நிமிர்ந்து பார்த்தாள். 'சார்' என்பதை அந்த ஊரில் 'சேர்' என்பார்கள். அதற்கு முன் என்னை யாரும் அப்படிக் கூப்பிட்டதில்லை.

நான் துடியலூரில் மோட்டாருக்குச் செம்புக் கம்பி சுற்றிக் காயில் கட்டுகிறவன். ஐந்தாம் வகுப்போடு பட்டறைக்குப் போய்விட்டேன். எழுத்து தெரியும், ஆனால் ஒவ்வொன்றாகக் கூட்டித்தான் படிக்க வரும். இது என் மனைவிக்கு மட்டும் தெரிந்த விஷயம். சபையில் வேதபாடம் வாசிக்க ஆள் தேடும்போதெல்லாம் கடைசி பெஞ்சில் கைக்குட்டையைத் தேடுகிறவன் போல் குனிந்துகொள்வேன். கேட்டுக் கேட்டே வேதாகமத்தில் பல பகுதிகள் எனக்கு மனப்பாடம். அதனால் சபையார் என்னை நன்றாகப் படிக்கத் தெரிந்தவன் என்றே நினைத்திருந்தார்கள்.

அந்தத் தோட்டத்துப் பிள்ளைகளுக்கு விடுமுறை வேதாகமப் பள்ளி நடத்த எங்கள் சபையார் கிளம்பியபோது, பெட்டி தூக்கவும் மைக் செட் மாட்டவும் நானும் பெயர் கொடுத்தேன். பாடம் எடுப்பது என் வேலை இல்லை. அங்கே போய்ச் சேர்ந்த சில நாட்களில் சிறு பிள்ளைகளின் ஆசிரியைக்குத் தொண்டை கட்டிவிட்டது. குழுவை நடத்திவந்த, எங்கள் போதகரின் மனைவியான ஆயரம்மா என்னிடம் வந்தார். "ஏனுங்க தம்பி, காணாமப்போன ஆட்டுக் கதைதான் உங்களுக்கு அத்துபடியாச்சே. இன்னைக்கு நீங்க பாத்துக்குங்க" என்றார். முடியாது என்று சொல்லக் காரணம் வேண்டும். என்னிடம் இருந்த ஒரே காரணத்தைச் சொல்ல வாய் வரவில்லை.

பிள்ளைகளின் புத்தகம் ஒன்றை வாங்கி விரித்துப் பிடித்துக்கொண்டு, மனப்பாடமாகத் தெரிந்ததை வாசிப்பதுபோல் சொன்னேன். எங்கள் சபையில் பழைய மொழிபெயர்ப்பு. அவர்களிடம் இருந்ததோ எளிய தமிழில் வந்த புதியது. கதை ஒன்றுதான், சொற்கள் வேறு. அதைத்தான் அவள் கண்டுபிடித்துவிட்டாள். எல்லாப் பிள்ளைகளும் என்னையே பார்த்தார்கள். சன்னலுக்கு வெளியே ஆயரம்மா நின்றிருந்ததையும் அப்போதுதான் கண்டேன்.

ஏதாவது சொல்லித் தப்பித்திருக்கலாம். ஆனால் அவள் விரல் அந்த வரியிலேயே காத்திருந்தது. "எனக்குச் சரளமாப் படிக்க வராதுங்க கண்ணு. எழுத்துக் கூட்டித்தான் வரும்" என்றேன். பின்னால் ஒரு பையன் களுக்கென்று சிரித்தான். அவள் திரும்பி, "நீ மட்டும் பெரிய வாசிப்போ? நேத்து ரெண்டு வரிக்கு அழுதது யாரு?" என்றாள். பிறகு என்னிடம், "நானும் கூட்டித்தான் வாசிப்பேன் சேர். இங்க வந்து இருங்க" என்று பெஞ்சில் நகர்ந்து இடம் விட்டாள்.

ஆளுக்கு ஒரு வரியாகப் படித்தோம். நான் தடுமாறிய இடத்தில் பிள்ளைகள் எடுத்துக் கொடுத்தார்கள். அவர்கள் தடுமாறினால் எல்லோரும் சேர்ந்து கூட்டினோம். ஆடு கிடைத்த வரிக்கு வந்து சேர்வதற்குள் தூறலே நின்றுவிட்டது. அதுவரை வாயே திறக்காத பிள்ளைகளும் தங்கள் முறை வந்ததும் படித்தார்கள். ஆயரம்மா உள்ளே வரவில்லை. சாப்பாட்டு வேளையில் என் தட்டில் இன்னொரு கரண்டி பருப்பை ஊற்றி, "நாளைக்கும் நீங்களே எடுத்துக்குங்க" என்று மட்டும் சொன்னார். அன்று அவர் ஆறுதல் சொல்லியிருந்தால் நான் கூனிக் குறுகியிருப்பேன். சொல்லாமல் விட்டதற்கு அவருக்கும், இடம் விட்டதற்கு அந்தச் சிறுமிக்கும் மனதுக்குள் இன்றும் நன்றி சொல்கிறேன்.

இப்போது எங்கள் சபையில் மாதம் ஒரு ஞாயிறு வேதபாடம் வாசிப்பது என் முறை. நானேதான் கேட்டு வாங்கிக்கொண்டேன். முதல் முறை வாசித்தபோது இரண்டு சொற்களுக்கு நடுவே மின்விசிறியின் சத்தம் நன்றாகக் கேட்டது. ஆராதனை முடிந்ததும் வாசலில் ஒரு பெரியவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். "ஏனுங்க, நீங்க படிச்சு முடிக்கறதுக்குள்ள ஊட்டுல கறி ஆறிப் போயிருக்குமுங்க" என்றார். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். இந்தச் சிரிப்புக்குப் பயந்துதான் இத்தனை வருடம் குனிந்து உட்கார்ந்திருந்தேன். கேட்ட பிறகு பார்த்தால் அது அவ்வளவு சின்னதாக இருந்தது.

"அடுத்த மாசமும் நான்தானுங்க. கறியை மூடி வெச்சுட்டு வாங்க" என்றேன்.