கலைமதி இழுத்த சங்கு

கலைமதி புதுக்கோட்டையில் ஒரு துணிக்கடையில் பில் போடுகிறவள். திருவரங்குளத்தில் எங்கள் தெருதான். வீட்டுக்கு வந்தால் லேப்டாப்பும் ஹெட்போனுமாக உட்கார்ந்துவிடுவாள். படம் பார்க்கிறாள் என்று நினைத்திருந்தோம். அவளோ, ராமேஸ்வரம் கடற்கரையில் ஒரு சங்கை ஊதிப் பதிவு செய்து வந்து, அந்த ஒரே ஊதலைக் கம்ப்யூட்டரில் இழுத்து, நொறுக்கி, அடுக்கி, புதுமாதிரி இசை செய்துகொண்டிருந்தாள். வீட்டில் வைத்து ஊதமாட்டாள். எங்கள் தெருவில் சங்கு ஊதினால் சாவு என்று அவளுக்குத் தெரியாதா என்ன?

ஒரு ஞாயிற்றுக்கிழமை ஹெட்போன் பழுதாகிவிட்டது. கொஞ்சம்தானே என்று ஸ்பீக்கரில் போட்டாள். ஜன்னல் திறந்திருந்தது.

எதிர்வீட்டு நாகராசு வண்டியிலிருந்து விழுந்து இடுப்பு ஒடிந்து படுத்திருந்தவர். அப்போதுதான் தேறி வந்தார். குழாயடியில் நின்ற அவர் தங்கச்சி ராக்காயி, சத்தம் கேட்டதும் குடத்தைப் போட்டுவிட்டு மாரடித்துக்கொண்டு ஓடிவந்தாள்.

"ஏத்தா, நான் இருக்கேன்ல?" என்றார் நாகராசு.

தெருவே சிரித்தது. ஆனால் ஊதியது யார் என்று தேடினால் ஆள் இல்லை. ஊரில் சாவும் இல்லை. நாகராசுவின் முகம் செத்துவிட்டது. "அப்ப எனக்குத்தான் ஊதியிருக்கு" என்று சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தவர், கஞ்சியைத் தொடவில்லை.

ராக்காயியின் முதல் ஒப்பாரியிலேயே ஸ்பீக்கரை அணைத்துவிட்டு, கலைமதியும் எங்களோடு வாசலில் வந்து நின்றாள். "எங்கிட்டிருந்து கேட்டுச்சு?" என்று வேறு கேட்டாள். நெஞ்சழுத்தக்காரி! ஆனால் அதற்குப் பிறகு அவளுக்குத் தூக்கமில்லை. கடையில் பில்லைத் தப்புத் தப்பாகப் போட்டுத் திட்டு வாங்கினாள். சொல்லிவிடலாம் என்று தினமும் எதிர்வாசல்வரை போவாள், திரும்பிவிடுவாள். நாகராசுவுக்குக் குளுக்கோஸ் ஏற்றினார்கள். இப்படியே கிடந்தால் தாங்காது என்று டாக்டர் சொல்லிவிட்டுப் போனார்.

அன்று சாயங்காலம் கலைமதி சங்கையும் லேப்டாப்பையும் தூக்கிக்கொண்டு எதிர்வீட்டுக்குள்ளேயே போய்விட்டாள்.

"நாந்தான் சித்தப்பா. இதுலதான் வந்துச்சு" என்று போட்டுக் காட்டினாள்.

நாகராசு முழுவதையும் கேட்டார். "இம்புட்டு நேரம் மூச்சுப் புடிச்சு எமன்கூட ஊதமாட்டான்" என்றார். பிறகு, "சொர்ணம், கஞ்சியக் கொண்டா."

மனைவி சொர்ணம் அவரைத் தாங்கிப் பிடித்துக் கஞ்சி புகட்டினாள். கலைமதி மன்னிப்புக் கேட்க வாயெடுத்தாள்.

"இத்தன நாளா நாங்க அழுதது அங்கிட்டு ஒனக்குக் கேக்கலையா?" என்றாள் சொர்ணம், திரும்பிப் பார்க்காமல்.

கேட்டது. கேட்டதால்தான் அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு மறுநாளே கடைக்குப் போய்ப் புது ஹெட்போன் வாங்கிக் காதில் மாட்டியிருந்தாள்.