உசேனின் நெஞ்சு

உசேன் போய்விட்டான்.

காலையில் அவன் மகன் போன் செய்தான். உசேனுக்குத் தொண்ணூற்று மூன்று வயது. டீ குடித்துவிட்டுச் சாய்ந்து உட்கார்ந்தவன் அப்படியே...

பேத்தி பக்கத்தில் உட்கார்ந்து டைப் செய்கிறாள், நான் சொல்லச் சொல்ல. எனக்கும் அவனுக்கும் ஒரே வயது. கோரிப்பாளையத்தில் அடுத்தடுத்த தெரு. பசுமலை ஸ்கூலில் ஒரே பெஞ்ச்.

அசன், உசேன் இரட்டைப் பிள்ளைகள். உரித்து வைத்த மாதிரி ஒரே முகம். பிள்ளை இல்லாத மேலூர் மாமா, கைக்குழந்தையிலேயே அசனை எடுத்துப் போய்விட்டார். உசேன் இங்கே, அவன் அத்தாவின் ரொட்டிக் கடையில். அப்பாவை அவர்கள் அத்தா என்பார்கள்.

அந்த வீட்டு ஆண்களுக்கு நெஞ்சு சரியில்லை என்று தெருவே சொல்லும். தாத்தா, பெரியத்தா, யாருமே ஐம்பதைப் பார்க்கவில்லை. உசேனின் அத்தாவும் ஒருநாள் அடுப்புப் பக்கம் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர், எழுந்திருக்கவே இல்லை. யுத்த காலம் அது. எங்களுக்குப் பன்னிரண்டு, பதின்மூன்று வயது இருக்கும்.

அன்றிலிருந்து அவன் அம்மா அவனை ஓட விடமாட்டார்கள். மரம் ஏறக்கூடாது. ஆற்றில் குதிக்கக்கூடாது. "ஓடாதடா, உங்கத்தா நெஞ்சுடா உனக்கு." கல்லாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பன் தின்றே ஆள் உருண்டையாகிவிட்டான்.

அடுத்த வருஷம் ஸ்போர்ட்ஸ் டே. உசேன் யாருக்கும் தெரியாமல் ஓட்டப் பந்தயத்துக்குப் பேர் கொடுத்துவிட்டான். காலையில் பயம் வந்துவிட்டது. அப்போது பார்த்து, ஊரிலிருந்து அசன் வந்திருந்தான். மேலூர் வயலில் மாட்டுக்குப் பின்னால் ஓடியே வளர்ந்தவன். ஒல்லி, நல்ல கறுப்பு.

"நீ ஓடுடா. மூஞ்சிய யாரு பாக்கப் போறா?" என்றான் உசேன்.

அசன் ஓடினான். ஃபர்ஸ்ட்! பரிசு ஒரு பித்தளைக் கூஜா. டிரில் மாஸ்டர் மட்டும் அவனை மேலும் கீழும் பார்த்தார். "உசேன், ஒரே வாரத்துல எம்புட்டு இளைச்சுட்ட!" நான் சிரிப்பை அடக்க முடியாமல் மரத்துக்குப் பின்னால் போய்விட்டேன்.

யுத்தத்தில் பெட்ரோல் கிடைக்காமல் கரியில் ஓடும் பஸ் அப்போது. அது மூச்சு வாங்கி கோரிப்பாளையம் வந்து சேர்வதற்குள், ஸ்கூலுக்கு ரொட்டி போடும் சைக்கிள்காரர் முந்திப் போய் அம்மாவிடம் சொல்லிவிட்டார். "உங்க மகன் பந்தயத்துல ஜெயிச்சுட்டான்!"

நாங்கள் மூவரும் போனபோது அம்மா வாசலிலேயே நின்றார்கள். முகம் வெளுத்திருந்தது. உசேனுக்குப் பளார் என்று ஒன்று விழுந்தது.

"ஏன்டா ஓடுன? உனக்கு ஒண்ணு ஆயிருந்தா?"

"நான் ஓடலம்மா! அசன்தேன் ஓடுனான்!"

அம்மா அசனைப் பார்த்தார்கள். கூஜாவோடு வேர்த்து நின்றான். அவனை இழுத்து, நெஞ்சில் காதை வைத்துக் கேட்டார்கள். ரொம்ப நேரம். பிறகு உசேனை இழுத்தார்கள். அவன் நெஞ்சிலும் காதை வைத்தார்கள். திரும்ப அசன். திரும்ப உசேன்.



"யா அல்லா... ரெண்டும் ஒண்ணு போலத்தேன் அடிக்குது," என்றார்கள். அழுகிறார்களா சிரிக்கிறார்களா என்றே தெரியவில்லை. உசேன் முதுகில் ஒரு தட்டு. "இவன் நெஞ்சு தாங்குதுன்னா உன் நெஞ்சும் தாங்கும். நாளையிலருந்து நீயும் ஓடுடா."

மறுநாள் காலை வைகை மணலில் ஓடினோம். பத்தடியில் உசேன் உட்கார்ந்துவிட்டான். இருபதடியில் நான் உட்கார்ந்துவிட்டேன். எங்கள் வீட்டில் யாருக்கும் நெஞ்சு வலியே கிடையாது!

ஆனால் அவன் விடவில்லை. ஓட்டம், பிறகு நடை... போன மாதம் வரைக்கும்.

அவன் அத்தா இறந்த வயதைத் தாண்டிய அன்று, தெரு முழுக்க பன் கொடுத்தான். என்ன விசேஷம் என்று கேட்டேன்.

"இன்னியிலருந்து நான் எங்கத்தாவுக்கு அண்ணன்டா மாப்ள!"

நாற்பதில் அவனுக்கு சுகர் வந்தது. அசனுக்கும் வந்தது, ஆனால் அறுபதில். "சுகர் எங்கத்தா குடுத்தது. இருபது வருசம் முந்தி வரச் சொன்னது பன்னு," என்பான். அசனுக்கு வேறு கணக்கு. வெயிலில் உழைத்ததில் தோல் சுருங்கி, முட்டி தேய்ந்து, அறுபதிலேயே எண்பது மாதிரி இருந்தான். சேர்ந்து நின்றால் அப்பாவும் மகனும் என்பார்கள். உசேனுக்கு அதில் அப்படி ஒரு பெருமை!

மதியம் போயிருந்தேன். வீடு நிறைய கூட்டம். மேலூரிலிருந்து காரில் வந்த அசனைக் கைத்தாங்கலாக உள்ளே கூட்டி வந்தார்கள். கடைசிக் காலத்தில் உசேனுக்கும் தோல் சுருங்கி, பழையபடி இருவருக்கும் ஒரே முகம்.

உசேனின் கொள்ளுப்பேத்தி, மூன்று வயதுதான் இருக்கும், அசனைப் பார்த்ததும் கைதட்டினாள். "தாத்தா எந்திரிச்சுட்டாரு!"

அழுதுகொண்டிருந்த வீடு சிரித்துவிட்டது. அசன்தான் ரொம்ப சிரித்தான். அவளை மடியில் வைத்துக்கொண்டு, தம்பி... இல்லை, அண்ணன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"என்னைய விடக் கால் மணி நேரம் மூத்தவன்," என்றான் என்னிடம். "முந்தி வந்தான். முந்திப் போறான். சரிதேன்."

போய் வா மாப்ள. ஜோரா இருந்துட்டுப் போற.