ஸ்கேன் சென்டர் சீட்டு

அணுமின் நிலையத்தில் எந்த மீட்டரையும் நம்பாமல் இன்னொரு மீட்டரை வைத்துச் சரிபார்ப்பதற்குத்தான் எனக்குச் சம்பளம். அந்தப் புத்தி வீட்டுக்கும் வந்துவிட்டது. பால்காரர் அளந்து ஊற்றிய பாலை நான் வேறு படியில் ஊற்றிப் பார்ப்பேன். அணுபுரம் குடியிருப்பில் எனக்குச் 'செக்கிங்' என்று பட்டப்பெயரே இருந்தது.

மகள் அப்போது பத்தாம் வகுப்பு. நானூறு மீட்டர் ஓடுவாள். மாவட்டப் போட்டியில் ஜெயித்தால் மாநிலப் போட்டி. அவளுக்கு வேறு நினைப்பே கிடையாது. போட்டிக்கு ஒரு மாதம் இருக்கையில் வலது முழங்காலுக்குக் கீழே வலிக்கிறது என்றாள். மாத்திரைக்குக் கேட்கவில்லை. குப்பத்திலிருந்து வரும் பி.டி. மாஸ்டர்தான் வழி சொன்னார். "கேளம்பாக்கத்துல ஒருத்தரு கீறாரு சார். கையாலயே அமுத்தி சரி பண்றாரு. ஒருவாட்டி பாப்பாவ இட்டுகினு போய்க் காட்டு."

புதிதாக எழும்பிய அடுக்குமாடியின் தரைத்தளத்தில் 'ஆஸ்டியோபதி' என்று பலகை. எலும்பு டாக்டரா என்றால் இல்லை, பிசியோவா என்றால் அதுவும் இல்லையாம். மருந்து கிடையாது, மெஷின் கிடையாது. ஒரு கட்டிலும் அவருடைய இரண்டு கைகளும்தான். வெளிநாட்டில் படித்தவராம். மகளை நடக்கச் சொல்லிப் பார்த்தார். பிறகு படுக்கவைத்து இடுப்பையும் தொடையையும் மெல்ல அழுத்தி, இழுத்து, திருப்பினார். வலது இடுப்பு சற்று ஏறியிருக்கிறது என்றார்.

வீட்டுக்கு வந்ததும் இஞ்ச் டேப்பை எடுத்து அவளுடைய இரண்டு கால்களையும் அளந்தேன். மயிரிழை வித்தியாசம் இல்லை. ஆள் கதை விடுகிறார் என்று மனைவியிடம் சொன்னேன். வலி குறைந்திருக்கிறது என்று மகள் சொன்னதையும் நம்பவில்லை. இரண்டு நாளில் வலி திரும்பியபோது எனக்கு உள்ளுக்குள் ஒரு திருப்திகூட வந்தது. இப்போது அதை மறைத்து என்ன பயன்?

மகளின் பிடிவாதத்துக்காக மூன்றாவது முறை போனபோது, முழங்காலுக்குக் கீழே எலும்பின் மேல் ஓரிடத்தில் கட்டைவிரலை வைத்தார். மகள் துள்ளி எழுந்தாள். அவர் கையை எடுத்துவிட்டார்.

"இது என் கைக்கு அடங்கற விஷயம் இல்ல சார். எலும்புல கீறல் இருக்கும்போலத் தெரியுது. ஸ்கேன் எடுங்க. எங்க எடுத்தாலும் சரி. அதுவரைக்கும் ஓட வேணாம்."

சொல்லிக்கொண்டே ஒரு சீட்டைக் கிழித்து எழுதிக் கொடுத்தார். சீட்டின் தலையில் செங்கல்பட்டு ஸ்கேன் சென்டர் ஒன்றின் பெயர் கொட்டை எழுத்தில் அச்சாகியிருந்தது.

வசமாக மாட்டினார் என்று நினைத்தேன். இந்த மாதிரி சீட்டுக்கட்டுகளை ஸ்கேன் சென்டர்காரர்களே அச்சடித்துக் கொடுப்பார்கள், அனுப்புகிறவருக்குக் கமிஷன் போகும் என்பது ஊரறிந்த சங்கதி. பஸ்ஸில் வரும்போது மகளுக்கு இதையெல்லாம் விளக்கிச் சொன்னேன். சீட்டை நான்காக மடித்துச் சட்டைப்பையில் போட்டதோடு சரி.

போட்டிக்குப் பத்து நாள் இருந்தது. மாஸ்டர் விசாரித்தபோது எல்லாம் சரியாகிவிட்டது என்றேன். ஒரு காலையில் ஷூவை மாட்டிக்கொண்டே, "வலிக்குதுப்பா," என்றாள் மகள்.

"அந்த ஆளு சொன்னதுலேர்ந்துதான் உனக்கு வலிக்குது. மனசுல போட்டுக்காம ஓடு," என்றேன்.

மறுபடி அவள் அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

செங்கல்பட்டு மைதானத்தில் இரண்டாவது வளைவு வரைக்கும் அவள்தான் முதலில் வந்துகொண்டிருந்தாள். அங்கே காலைப் பிடித்துக்கொண்டு சுருண்டு விழுந்தாள். மாஸ்டரும் நானும் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போனோம். எக்ஸ்ரேயை விளக்கில் மாட்டிப் பார்த்த டாக்டர், ஏற்கெனவே கீறல் இருந்திருக்கிறது, இப்போது முழுசாக முறிந்துவிட்டது என்றார். வலியோடு எப்படி ஓடவிட்டீர்கள் என்று கேட்டார். எங்கே எடுத்தாலும் சரி என்று கேளம்பாக்கத்துக்காரர் சொன்னது அப்போதுதான் எனக்கு உறைத்தது. கமிஷனுக்கு அலைகிறவர் அப்படிச் சொல்வாரா? மாஸ்டரின் முகத்தைப் பார்க்க வெட்கமாக இருந்தது.

சில மாதம் கழித்துக் காலில் போட்டிருந்த மாவுக்கட்டைப் பிரித்தார்கள். எலும்பு கூடிவிட்டது, நடையில் குறையில்லை. ஆனால் மகள் அதன் பிறகு மைதானத்துக்குப் போகவில்லை.

பிறகு பொத்தேரியில் கல்லூரி ஹாஸ்டலில் தங்கிப் படித்தாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை சொல்லாமல் போய் நின்றேன். அவளுடைய இடது மணிக்கட்டில் மாவுக்கட்டு. படியில் வழுக்கி விழுந்து மூன்று வாரம் ஆகிவிட்டதாம். எதிரே இருந்த ஓட்டலில் உட்கார்ந்ததும், என்னிடம் ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன்.

"நீங்க நம்பறதுக்குள்ள லேட்டாயிடும்பா. அதான் நானே போய்க் காட்டிட்டேன்," என்றாள். குரலில் கோபமே இல்லை. சொல்லிவிட்டுச் சட்னிக் கிண்ணத்தை என் பக்கம் நகர்த்தினாள்.