அட்டை என்றே சொன்ன முத்துக்கருப்பன் சார்

ஐப்பசி மழை விடாமல் பிடித்துக்கொண்ட காலையில், எங்கள் கல்லூரி அட்டெண்டர் பெரியசாமி குடையை மடக்காமலே என் வீட்டு வாசலில் வந்து நின்றார். "விலங்கியல் சார் தவறிட்டாக" என்றார். மார்வலியாம். வண்டி பிடிப்பதற்குள் முடிந்துவிட்டதாம். நான் கேட்ட முதல் கேள்வியை நினைத்தால் எனக்கே கூச்சமாக இருக்கிறது. அவர் வீட்டுக் கொல்லையில் அதுகள் கிளம்பிவிட்டனவா என்று கேட்டேன். பெரியசாமிக்கு எதைச் சொல்கிறேன் என்று விளங்கியது. மழை பெய்தால் வராமலா இருக்கும் என்றார்.

முத்துக்கருப்பன் சாரை அறியாதவர்களுக்காகச் சொல்கிறேன். அவர் நேமத்தான்பட்டிக்காரர், நகை வேலை செய்யும் குடும்பம். அறுபதுகளின் தொடக்கத்தில் காரைக்குடியில் ஒரே கல்லூரியில் நாங்கள் இருவரும் வேலைக்குச் சேர்ந்தோம். அவர் விலங்கியல், நான் வேதியியல். அடுத்தடுத்த அறை. என் பக்கத்து ஆசிட் நெடி மோசமா, அவர் பக்கத்து ஃபார்மலின் நெடி மோசமா என்று தினமும் வாய்ச்சண்டை போடுவோம். எனக்கு முன்கோபம், அவருக்குக் கோபமே வராது. அதனாலேயே எனக்கு இன்னும் கோபம் வரும்.

அவர் தம் ஆயுளைச் செலவழித்தது ஒரு பிராணிக்காக. மழைக்காலத்தில் துவைகல் அடியிலும் பூட்டிக்கிடக்கும் பெரிய வீடுகளின் ஈரச் சுவரிலும் விரல் நீளத்தில் கருப்பாக ஊருமே, அதுதான். லேவிகாலிஸ் என்கிற பேரினம் என்பார். ஊரில் எல்லோருக்கும் அது அட்டை. ரத்தம் குடிக்கும், காதுக்குள் போகும் என்று பயந்து, கண்டவுடன் உப்பைக் கொட்டிவிடுவார்கள். அது நுரைத்துச் சாவதைப் பார்த்தால் சாருக்கு முகம் சுருங்கிப்போகும்.

ஒருநாள் என்னை இழுத்துப்போய் மேசைமேல் ஒன்றைக் காட்டினார். தம் அப்பாவின் நகைப்பட்டறை இடுக்கியால் அதை மெல்லப் புரட்டினார். முதுகு முழுக்கத் தோல் செருப்பு மாதிரி ஒரே போர்வை, நடுவில் வெளிறிய ஒரு கோடு. அடியில் குறுகலான ஒரு பட்டைதான் கால். முன்னால் இரண்டு ஜோடிக் கொம்பு, மேல் ஜோடியின் நுனியில் கண். மூச்சுவிடும் துளை, மற்ற நத்தைகளைப் போலப் பக்கவாட்டில் இல்லாமல் பின்கோடியில் இருக்கிறது. ஆணும் பெண்ணும் ஒரே உடம்பில். முட்டைகளைச் சரம் கோத்தாற்போல இட்டு, மண்ணைப் பூசி வைக்கும். கோடையில் பூமிக்குள் சுருண்டு கிடக்கும். யாரும் செத்ததென்றே நினைப்பார்கள். "சொந்த ஊர் ஆப்பிரிக்கா சார். செடித்தொட்டி மண்ணோட கப்பலேறி வந்திருக்கும். நம்ம ஊர்ல பாதிப் பேர் கப்பல்ல போய் வந்தவுகதானே" என்று சிரித்தார். இதைச் சொல்ல ஓர் ஆள் வேண்டுமா என்று நான் வழக்கம்போல எரிந்து விழுந்தேன். ஆனால் அன்று வெகுநேரம் அங்கேயே நின்றேன்.

அதன் பெயரை மாற்றிக்காட்டுவது என்று அவருக்கு ஒரு பிடிவாதம் வந்தது. டீக்கடையிலும் பஸ்ஸிலும் அதே பேச்சு: அது அட்டை இல்லை, நத்தை, ஓடு மட்டும்தான் இல்லை. கல்லூரி அறிவியல் கண்காட்சிக்கு ஊர் திரண்டு வந்தபோது, உள்ளங்கையில் ஒன்றை ஊரவிட்டுக்கொண்டு பேசினார். பெண்கள் முதலில் அலறி, பிறகு கிட்ட வந்து தொட்டுப் பார்த்தார்கள். கூட்டத்தில் கருப்பையா நின்றிருந்தார். எங்கள் ஆய்வகத்து மேசைகளைச் செய்துகொடுத்த தச்சர், எங்கள் இருவருக்குமே பழக்கமானவர்.

"அப்ப இதுவும் நத்தைதானா சார்?" என்று அவர் கேட்டார்.

"நத்தைதான் கருப்பையா. சந்தேகமே வேணாம்."

எல்லோரும் கைதட்டினார்கள். நானும் தட்டினேன். கருப்பையா மட்டும் தட்டாமல், அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். நாள்பூராவும் உட்கார்ந்து இழைக்கிற மனிதர், மூலத்தால் வெகுநாளாக அவதிப்பட்டுவந்தார் என்பது எங்களுக்குத் தெரியும். அதற்கு மருந்தென்று நத்தைக்கறி தின்பார் என்பதும் தெரியும். இரண்டையும் சேர்த்துப் பார்க்க அன்று ஒருவருக்கும் தோன்றவில்லை.

அந்த வருஷம் மழை பொய்த்தது. ஊருணி வற்றி நத்தை கிடைக்கவில்லை. லேசான தூறலுக்கே கருப்பையா வீட்டுக் கொல்லைச் சுவரில் ஓடில்லாத இது ஏறி நின்றது. நத்தையை அவிப்பது எதற்கு? ஓட்டிலிருந்து கறியை எடுக்கத்தானே. இதற்குத்தான் ஓடே இல்லையே. அப்படிக் கணக்குப் போட்டு, உயிரோடு வாழைப்பழத்துக்குள் வைத்து விழுங்கியிருக்கிறார், பல நாள்.

முதலில் தலைவலி. பிறகு கழுத்தைத் திருப்ப முடியவில்லை. ஒரு பொருள் இரண்டாகத் தெரிகிறது என்றார். மதுரைக்குக் கொண்டுபோனார்கள். சாரும் நானும் போனபோது அவருக்கு ஆள் அடையாளம் தெரியவில்லை. எலியிலிருந்து அந்தப் பிராணிக்கு வந்த புழு மூளைக்கு ஏறியிருக்கலாம், உறுதியாகச் சொல்ல முடியாது என்றார் டாக்டர். அந்த வாரமே கருப்பையா இறந்துபோனார்.

துக்கம் கேட்கப் போனோம். அவர் மனைவி மீனாட்சி எங்களைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. சாரைப் பார்த்து ஒன்றே ஒன்று கேட்டார்கள்.

"அது நத்தைன்னு நீங்க சொன்னது பொய்யா சார்?"

"பொய் இல்லம்மா. நத்தைதான்."

"பொய்யாவே இருந்திருக்கலாம்ல" என்றார்கள்.

அதற்குப் பிறகு வகுப்பறைக்குள் மட்டும்தான் அது நத்தை. வாசலைத் தாண்டினால் அட்டை. தெருவில் பிள்ளைகள் கேட்டால், "அட்டை, கிட்ட போகாத, ரத்தத்தக் குடிச்சிரும்" என்பார். கையில் ஏந்திக் கொஞ்சியவரே, கீரை ஆயும் பெண்களைக் கண்டால் நின்று, அட்டை ஊர்ந்த கீரை விஷம், கழுவி வேகவைக்காமல் வாயில் வைக்காதீர்கள் என்று எச்சரிப்பார். வெளியூரிலிருந்து வந்த தேர்வாளர் ஒருவர், தெருவில் அவர் சொன்னதைக் கேட்டுவிட்டு, விலங்கியல் பேராசிரியருக்கு நத்தைக்கும் அட்டைக்கும் வித்தியாசம் தெரியவில்லை என்று எல்லோர் முன்னாலும் கேலி செய்தார். சார் தலையைக் குனிந்துகொண்டார். உண்மையைச் சொல்லித்தொலையுங்களேன் என்று வெளியே வந்து கத்தினேன். "உண்மையத்தான் ஒருதடவ சொல்லிப் பாத்தோமே சார்" என்றார்.

ஆனால் சொன்ன சொல் ஊருக்குள் போய்விட்டது. கண்காட்சியில் கேட்டவர்கள் வீட்டில் சொன்னார்கள். அவரிடம் படித்தவர்கள் பள்ளிக்கூடங்களில் ஆசிரியர்களாகிச் சொல்லிக்கொடுத்தார்கள். மழை இறங்கினால் அவருக்குத் தூக்கம் போய்விடும். எங்குட்டோ எவனோ வாழைப்பழத்த உரிச்சுக்கிட்டு இருப்பான் என்பார். நான் அதட்டி அடக்குவேன். எனக்கும் உள்ளுக்குள் திக்கென்றுதான் இருக்கும்.

சார் தவறிய அன்று நேமத்தான்பட்டிக்குப் போய்ச் சேர்ந்தபோது மழை வெறித்திருந்தது. கூட்டத்தில் மீனாட்சியும் நின்றிருந்தார்கள். சாரின் முகத்தைப் பார்க்கத் தெம்பில்லாமல், மாலையை வைத்துவிட்டுக் கொல்லைப் பக்கம் போனேன். துவைகல்லைச் சுற்றி அதுகள் ஊர்ந்துகொண்டிருந்தன. அந்த வீட்டில் யாரும் உப்புப் போட்டதில்லை. பயமில்லாமல் கொம்பை நீட்டிக்கொண்டு திரிந்தன.

முன்பின் தெரியாத ஒருவர் அங்கே குனிந்து பார்த்துக்கொண்டு நின்றார். தூரத்து உறவு போலிருக்கிறது. நிமிரும்போது ஒரு கையால் இடுப்பைப் பிடித்துக்கொண்டார்.

"இதுவும் நத்தைதானாமே சார்? மூலத்துக்குக் கேக்கும்ங்கிறாக" என்றார்.

திரும்பிப் பார்த்தேன். நிலைப்படியில் மீனாட்சி நின்றிருந்தார்கள். அவர்களும் கேட்டுவிட்டார்கள்.

முப்பது வயதிலிருந்து பாடம் நடத்துகிறவன் நான். தெரிந்தே தப்பாக ஒரு வார்த்தை சொன்னவனில்லை.

"நத்தையும் இல்ல, ஒண்ணும் இல்ல. அட்டை. தொட்டா ரத்தத்தக் குடிச்சிரும். தள்ளி வாங்க" என்றேன்.

அவர் பதறிப் பின்வாங்கினார். உள்ளே சாரைத் தூக்குகிற சத்தம் கேட்டது. போய் வாருங்கள் சார். நீங்கள் சொல்லிவந்ததை இனி நான் சொல்லிக்கொள்கிறேன்.