வெள்ளிக்கிழமை மூன்றரை பஸ்

மட்டக்களப்பு பஸ் நிலையத்தில் நல்லரத்தினம் டைம்கீப்பராகச் சேர்ந்து முதல் இருபத்திரண்டு வருடங்களில் அவரை வாயை மூடச் சொல்லாத ஆள் இல்லை. பஸ் வருகிற நேரத்தையும் போகிற நேரத்தையும் எழுதுகிற வேலைக்கு வாய் எதற்கு? ஆனால் மனிதரிடம் இருந்ததே அதுதான். அதிலும் டவுன் பெண்கள் கல்லூரியின் கூடைப்பந்து அணி என்று பேச்சு வந்துவிட்டால் பஸ்கள் தங்கள் பாட்டில் வந்து போகும், அவர் பேசிக்கொண்டிருப்பார்.

ஏன் கூடைப்பந்து, ஏன் அந்தப் பிள்ளைகளின் அணி என்று கேட்டால் அவருக்கே பதில் தெரியாது. பிள்ளைகுட்டி இல்லாத மனிதர். செட்டிபாளையத்தில் கடலுக்கும் வாவிக்கும் நடுவே ஒரு வீடு, வீட்டில் மனைவி இராசாத்தி. "ஆராற்றயோ புள்ளையள் பந்தடிக்கிறதுக்கு இந்த மனிசன் ஏன் இப்பிடி வேர்க்குது?" என்று அவள் அக்கம்பக்கத்தில் சொல்லிச் சிரிப்பாள். அவள் சொன்னதில் பிழையில்லை. விளையாடுகிற பிள்ளைகளை விட அவருக்குத்தான் அதிகம் வேர்க்கும்.

ஒரு போட்டி வருகிறதென்றால் பஸ் நிலையத்துக்கு எதிரே பாறூக்கின் தேத்தண்ணிக் கடையில் கூட்டம் கூடும். மேசையில் ஐந்து சோடா மூடி வைப்பார்கள், அது எங்கள் அணி. உளுந்து வடையைப் பிய்த்து ஐந்து துண்டு வைப்பார்கள், அது எதிரணி. யார் யாரை மறிப்பது, யாருக்குப் பந்து போகவிடக் கூடாது என்று நல்லரத்தினம் மூடிகளை நகர்த்தி நகர்த்தி விளக்குவார். போட்டோக்கொப்பிக் கடை விஜிதரன் எதிர்த்துப் பேசுவான். பேச்சு முடிகிற நேரத்தில் எதிரணியை விஜிதரன் தின்று முடித்திருப்பான். பாறூக் அடுத்த வடையை வைத்துவிட்டு, "மறுகா தொடங்குங்க" என்பார்.

நல்லரத்தினம் சொன்னது பெரும்பாலும் பலித்தது. பிள்ளைகள் எந்த ஊரிலிருந்து எந்த பஸ்ஸில் வருகிறார்கள், யார் நொண்டிக்கொண்டு இறங்கினாள், யார் அழுத முகத்தோடு ஏறினாள் எல்லாம் அவருக்குத் தெரியும். பயிற்றுநருக்குத் தெரியாதது டைம்கீப்பருக்குத் தெரிந்தால் பலிக்காமல் என்ன செய்யும்?

இரண்டாயிரத்து நான்காம் ஆண்டு புரட்டாதியில் ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம். திங்கட்கிழமை இறுதிப் போட்டி, திருகோணமலைப் பிள்ளைகளோடு. கடையில் நிற்க இடமில்லை. அந்த வருடம் எங்கள் அணியில் தனுஷா என்று ஒரு பிள்ளை விளையாடினாள். வாவிக்கு மேற்கே படுவான்கரைப் பக்கம் உன்னிச்சைக்காரி, வயது பதினாறு. கூடைக்குக் கீழே அவள் நின்றால் மற்றவர்களுக்குப் பந்து கிடைப்பது கடினம். நல்லரத்தினம் அன்று கொடிகட்டிப் பறந்தார்.

"கேட்டுக்கொள்ளுங்கடா. திருகோணமலைக்காரியள் வேகம், நான் இல்லையெண்டு சொல்லல்ல. ஆனா தனுஷாட உயரத்துக்கு அங்க ஆள் எங்க? நாப்பது நிமிசம் ஓடினாலும் மூச்சு வாங்கமாட்டாள். உன்னிச்சைக் குளக்கட்டில ஓடி வளந்த காலடா அது!"

மூலையில் இரண்டு பெடியன்கள் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தார்கள். முன்பின் பார்த்த முகமில்லை. கடை வாசலில் அவர்களுடைய நீல மோட்டார் சைக்கிள் நின்றது. அவர்களில் ஒருவன் சிரித்துக்கொண்டே கேட்டான். "ஆரண்ணன் அந்தப் புள்ள? ஹொஸ்டல்லயா இரிக்கா?"

"கிழமைநாள்ல ஹொஸ்டல். வெள்ளிக்கிழமை மூண்டரை உன்னிச்சை பஸ்ஸில வீட்ட போவாள். திங்கட்கிழமை முதல் பஸ்ஸில வந்து இறங்குவாள். எனக்குத் தெரியாத பஸ்ஸா தம்பி?"

பெருமைதான். வேறொன்றும் இல்லை. ஆனால் அது அப்படிப் பெருமைப்படக்கூடிய காலம் இல்லை. இயக்கம் அந்த வருடம் இரண்டாகப் பிரிந்திருந்தது. ஒருமுறை பிடித்து வீட்டுக்கு அனுப்பின பிள்ளைகளையும் இன்னும் பிடிக்காத பிள்ளைகளையும் சண்டைக்குத் தேடிக்கொண்டிருந்தார்கள். தாய்மார் பிள்ளைகளின் வயதைக் குறைத்துச் சொன்னார்கள். உயரத்தைக் குறைத்துச் சொல்ல வழியில்லாதவர்கள் வீட்டுக்குள் வைத்துக்கொண்டார்கள். பிறத்தியான் காதில் ஒரு பிள்ளையின் பெயரைச் சொல்லக் கூடாது என்பது ஊரில் சின்னக் குழந்தைக்கும் தெரியும். நல்லரத்தினத்துக்கும் தெரியும். பந்து என்ற சொல் காதில் விழுந்தால் நாடு எந்த நிலையில் இருக்கிறது என்பதே அவருக்கு மறந்துபோகும், அவ்வளவுதான் அவருடைய குற்றம். அந்த அவ்வளவுதான் போதுமாக இருந்தது.

மூன்றரைக்கு அவர்தான் பஸ்ஸை அனுப்பினார். ஜன்னலோரம் இருந்த தனுஷாவைப் பார்த்து, "திங்கட்கிழமை சுணங்கிப் போகாத புள்ள" என்றார். அவள் தலையாட்டினாள். திங்கட்கிழமை முதல் பஸ் நேரத்துக்கு வந்தது. அவள் இறங்கவில்லை. கொண்டக்டர் டைம்கீப்பர் கூட்டுக்கு வந்து மெதுவாகச் சொன்னான். வெள்ளிக்கிழமை போகிற வழியிலேயே, ஆயித்தியமலைக்கு இந்தப் பக்கம் இரண்டு பேர் பஸ்ஸை மறித்து ஏறினார்களாம், பந்தடிக்கிற உயர்ந்த பிள்ளை யார் என்று கேட்டு இறக்கிக்கொண்டு போனார்களாம்.

"எதில வந்தவங்க?" என்று நல்லரத்தினம் கேட்டார்.

"நீல மோட்டார் சைக்கிள்."

அன்று பின்னேரம் எங்கள் அணி பத்தொன்பது புள்ளியால் தோற்றது. அவர் அந்தப் பக்கமே போகவில்லை.

மறுநாள் தனுஷாவின் தாய் சின்னத்தங்கம் வந்தாள். இயக்கத்தின் முகாம் முகாமாக அலைந்து, கேட்டுக் கேட்டுக் களைத்துப்போய் வந்திருந்தாள். டைம்கீப்பர் கூட்டின் கம்பியைப் பிடித்துக்கொண்டு, "அண்ணன், நீங்க எல்லா பஸ்ஸையும் பாக்கிற ஆள். எந்தப் பக்கத்தால வந்து இறங்கினாலும் என்ட புள்ளயத் தெரியும்தானே உங்களுக்கு? ஒரு கண் வச்சிருங்க அண்ணன்" என்றாள்.

நல்லரத்தினம் ஓம் என்றார். சொல்லவேண்டிய வேறு சொல் வாயில் வந்து நின்றது. அதை விழுங்கிவிட்டார். நாளைக்குச் சொல்லலாம் என்று நினைத்தார். முதலில் இராசாத்தியிடம் சொல்லிவிட்டு, அவளையும் கூட்டிக்கொண்டு உன்னிச்சைக்குப் போய்ச் சொல்லலாம் என்று நினைத்தார். இராசாத்தியிடம் சொல்வதற்கு நல்ல நாள் ஒன்று அமையாமல் மூன்று மாதம் போனது. பிறகு மார்கழி இருபத்தாறாம் தேதி ஞாயிற்றுக்கிழமை காலை, அவர் வேலையில் நின்ற நேரத்தில் கடல் வந்தது. வீடு நின்ற இடத்தில் அத்திவாரம் இருந்தது. இராசாத்தியை மூன்றாம் நாள் வாவிக்கரையில், கண்ணாச் செடிப் பற்றைக்குள் கண்டெடுத்தார்கள். சேலையை வைத்துத்தான் அடையாளம் சொன்னார்.

அதற்குப் பிறகு நல்லரத்தினம் பேசுவதில்லை. பாறூக்கின் கடைக்கு வருவார், பிளேன்ரீ குடிப்பார், எழும்பிப் போவார். போட்டி வந்தால் மற்றவர்கள் மூடிகளை அடுக்குவார்கள், அவர் ரோட்டைப் பார்த்துக்கொண்டிருப்பார். "பாவம், சுனாமி மனிசன்ட வாயையும் கொண்டு போயிட்டுது" என்றார்கள். காத்தான்குடியில் தன் சொந்தத்தையும் கடலுக்குக் கொடுத்த பாறூக், யாரும் அவரைத் தொந்தரவு செய்யாமல் பார்த்துக்கொண்டார். அவர்களுடைய இரக்கம் நல்லரத்தினத்துக்கு ஒதுங்கி நிற்க ஒரு கூரையாக இருந்தது. வாய் கடலுக்கு முதலே போய்விட்டது என்று அவர் யாருக்கும் சொல்லவில்லை. செத்த மனைவியின் பின்னால் ஒளிந்துகொண்டிருக்கிறோம் என்று தெரிந்தே ஒளிந்துகொண்டிருந்தார்.

சின்னத்தங்கம் மட்டும் கிழமைக்கு ஒருமுறை தவறாமல் வந்தாள். இரண்டாயிரத்து ஏழில் படுவான்கரை முழுக்க ஷெல் விழுந்து, சனங்கள் இடம்பெயர்ந்து கொட்டிலில் கிடந்த மாதங்களிலும் நடந்து வந்தாள். "வந்தாளா அண்ணன்?" என்பாள். "இல்ல தங்கச்சி" என்பார். இரண்டாயிரத்து ஒன்பது வைகாசியில் சண்டை எல்லாம் முடிந்தது என்று றேடியோவில் சொன்ன அன்றும் வந்து நின்றாள். "முடிஞ்சுதாமே அண்ணன். இனி விட்டுருவாங்கதானே?" உயிரோடு இருந்தால் என்ற சொல்லை இரண்டு பேருமே சொல்லவில்லை.

அவர் உண்மையாகவே பஸ் பார்த்தார். ஆறு வருடம், இறங்குகிற ஒவ்வொரு பெண்பிள்ளையின் முகத்தையும் பார்த்தார். பார்க்கிறபோதே, அவள் வந்து இறங்கினால் எந்த முகத்தோடு முன்னால் நிற்பது என்ற பயமும் வரும். ஒருநாள், வராமலே இருந்துவிட்டால் என்றுகூட நினைப்பு ஓடியது. அன்று மத்தியானம் அவருக்குச் சோறு இறங்கவில்லை.

இரண்டாயிரத்துப் பத்து ஆவணியில் எங்கள் அணி மறுபடி இறுதிப் போட்டிக்கு வந்தது. அதே திருகோணமலையோடு, இந்த முறையும் இங்கேயே, பின்னேரம் நான்கு மணிக்கு. பாறூக்கின் கடை பழையபடி நிறைந்தது. சோடா மூடியும் வடையும் மேசைக்கு வந்தன.

"கஜானிதான் இந்த முறை ஆள்," என்றான் விஜிதரன். "தூரத்தில நிண்டு போட்டாலும் கூடைக்குள்ளதான்."

"தூரத்தில போடுவாள், கிட்டப் போனா நடுங்குவாள்," என்றார் பாறூக். "நல்லரத்தினம் அண்ணன், ஒரு சொல்லுச் சொல்லுங்களன். ஆறு வருசமாச்சு. யாரு வெல்லும்?"

"எனக்குத் தெரியா," என்றார் நல்லரத்தினம். அந்தப் பிள்ளைக்கு எந்த ஊர் என்று அவருக்குத் தெரியும். எந்த பஸ் என்றும் தெரியும். தேத்தண்ணிக் கோப்பையை வாயில் வைத்துக்கொண்டார்.

அப்போது உன்னிச்சை பஸ் வந்து நின்றது. முதலில் சின்னத்தங்கம் இறங்கினாள். அவளுக்குப் பின்னால் குனிந்து, கதவில் தலை இடிக்காமல் ஒரு பெண் இறங்கினாள். நல்லரத்தினம் கோப்பையைக் கீழே வைத்துவிட்டு எழுந்தார். எழுந்ததும் எங்கே போவதென்று தெரியாமல் அப்படியே நின்றார்.

சின்னத்தங்கம் நேரே அவரிடம் வந்தாள். அழுகையும் சிரிப்புமாக இருந்தாள். "ஆமிட வவுனியா முகாமில இரிந்து முந்தநாள் விட்டவங்க அண்ணன். முதல்ல உங்களுக்குத்தான் காட்டவேணும் எண்டு கூட்டிக்கொண்டு வந்தன்." பிறகு கடைக்குத் திரும்பி எல்லாருக்கும் கேட்கச் சொன்னாள். "ஆறு வருசம் எனக்காக பஸ் பாத்த மனிசன் இவர். சொந்தச் சகோதரமும் இப்பிடிச் செய்யாது."

கடை முழுக்க அவரைப் பார்த்தது. நன்றியைக் கையெடுத்து வாங்குவதா தடுப்பதா என்று தெரியாமல் நல்லரத்தினம் தோளில் கிடந்த துவாயை எடுத்து முகத்தைத் துடைத்தார்.

பாறூக் ஓடிப்போய் இரண்டு பால்தேத்தண்ணி போட்டுக் கொண்டுவந்தார். தனுஷாவுக்கு இப்போது இருபத்திரண்டு வயது. தலைமயிர் தோள்வரைதான் வளர்ந்திருந்தது. கோப்பையைப் பிடித்த இடது கையில் இரண்டு விரல்கள் மடங்கினபடி நிமிராமல் இருந்தன. அவள் யாரையும் பார்க்காமல் மேசையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இந்த வடை ஆர்?" என்று கேட்டாள்.

"திருகோணமலைட சென்டர்," என்றான் விஜிதரன்.

"அப்ப இந்த மூடிய இங்க வைக்கக் கூடாது. பின்னுக்கு நிண்டா பந்து அவட கைக்குப் போயிரும். முன்னுக்கு நிண்டு மறிக்கவேணும்." மூடியை ஒரு விரலால் இரண்டு அங்குலம் தள்ளினாள். "கஜானி எண்ட புள்ளய நடுவுக்குக் கொண்டுவராதீங்க. நடுங்கிற கையெண்டா ஓரத்தில விடுங்க."

விஜிதரன் வாயைப் பிளந்தான். இவள் சொன்னபடி அணி விளையாடினால் கப் இங்கேதான் என்று பாறூக் அல்லாஹ்வைக் கூப்பிட்டுச் சொன்னார். நீங்களே இறங்கி விளையாடலாம் என்று யாரோ பின்னால் பகிடி விட்டான். தனுஷாவும் சிரித்தாள். சிரித்துக்கொண்டே இடது கையை மேசைக்குக் கீழே எடுத்துவிட்டாள். நல்லரத்தினம் அதைக் கண்டார். இனி ஒரு நிமிடமும் இதைச் சுமக்க முடியாது என்று தோன்றியது.

வெயிலில் வந்தது, முகம் கழுவிவிட்டு வருகிறேன் என்று சின்னத்தங்கம் குழாயடிக்குப் போனாள். மற்றவர்கள் மறுபடி மூடிகளைச் சுற்றிக் குனிந்தார்கள். நல்லரத்தினம் தனுஷாவைக் கடைக்கு வெளியே கூப்பிட்டார்.

"மகள், அண்டைக்கு நீ போன பஸ்..."

"தெரியும் மாமா."

"இல்ல, உனக்குத் தெரியா. எந்த பஸ், எத்தன மணியெண்டு கேட்டவனுக்கு..."

"பஸ்ஸில ஏறி என்னை இறக்கின அண்ணனே சொன்னவர் மாமா. நாப்பது நிமிசம் ஓடினாலும் உனக்கு மூச்சு வாங்காதாமே, டைம்கீப்பர் சொன்னார் எண்டு. அதுக்குப் பிறகு அங்க தூரம் ஓடுறதெண்டா என்னத்தான் விடுவாங்க."

அவள் குரலில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் அவர் தாங்கியிருப்பார். ஆறு வருடமாக அவள் ஏசுவாள், காறித் துப்புவாள் என்றுதான் அவர் எதிர்பார்த்து வைத்திருந்தார். வேலைமுடிந்து வீட்டுக்குப் போகிறவர்களின் களைப்போடு அவள் பேசினாள்.

"அம்மாக்குத் தெரியுமா?"

"தெரியா."

"நான் சொல்லப்போறன் மகள். இப்ப, இந்த இடத்திலயே சொல்லப்போறன்."

"வேணாம்." முதன்முறையாக அவர் முகத்தைப் பார்த்தாள். "அண்ணன் பஸ் பாத்துக்கொண்டிரிக்கார், அண்ணன் பஸ் பாத்துக்கொண்டிரிக்கார் எண்டுதான் அம்மா இவ்வளவு காலமும் உயிரோட இரிந்திரிக்கா. ராவும் பகலும் அதத்தான் சொல்றா. அவவுக்கு இந்த டவுனில நம்புறதுக்கு நீங்க ஒராள்தான் மாமா. அதையும் எடுக்காதீங்க."

"சொல்லாம என்னால இரிக்க ஏலா மகள்."

"இருங்க மாமா," என்றாள் தனுஷா. "நானும் இரிக்கன்தானே."

சின்னத்தங்கம் சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டு வந்தாள். "என்ன, இன்னும் நிக்கிறீங்க? பந்தடி தொடங்கப் போகுதாமே. வாங்க அண்ணன், மூண்டு பேருமாப் போய்ப் பாப்பம்" என்று அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். மைதானத்துக்குப் போகிற வழி நெடுக அவள் மகளுக்குச் சொல்லிக்கொண்டே வந்தாள். எந்த மழையிலும் இந்த மனிதர் கூட்டை விட்டு அசையவில்லை, பெண்சாதியைப் பறிகொடுத்த கிழமையிலும் உன்னைத்தான் தேடினார், இல்லையா அண்ணன், ஒரு பஸ்ஸைக்கூட விடவில்லைத்தானே அண்ணன் என்று கேட்டுக்கொண்டே வந்தாள். நல்லரத்தினம் ஓம், ஓம் என்று சொல்லிக்கொண்டு நடந்தார்.